நீளவாக்கு ஓட்டு வீட்டில் வேலை மேசையை எங்கே போடுவது?

செங்கோட்டை மருமகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உள்ள ஒரு நிறுவனத்துக்காகக் காப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அங்கே போனால் போதும் என்று ஆகிவிட்டதால், மற்ற 4 நாள்களும் செங்கோட்டையில் கணவர் வீட்டிலிருந்தே வேலை நடக்கிறது. கடந்த 8 மாதங்களாகச் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். வலது தோளில் தொடங்கிக் கழுத்துக்கு ஏறும் வலி இப்போது தூக்கத்தையும் கெடுக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, உட்காரும் இடத்தை மாற்றாமல் திரும்ப வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பார்த்த பழைய ஓட்டு வீடு. 16 அடி அகலம், 70 அடிக்கு மேல் நீளம். வடக்கிலும் தெற்கிலும் அடுத்த வீட்டாரோடு பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெருத் திண்ணை, முதல் கட்டு, அதற்கடுத்து வடசுவரை ஒட்டி 6 அடிக்கு 8 அடி முற்றம், முற்றத்துக்குத் தெற்கே 8 அடி அகலத் தாழ்வாரம், பிறகு அடுக்களை, கடைசியில் தகரக் கூரை போட்ட பின்னறை. முதல் கட்டுக்கு மேலே பலகை வேய்ந்த மச்சு இருக்கிறது. அங்கே இப்போது நெல் குதிரும் பழைய பாத்திரங்களும் கிடக்கின்றன.

என் கண்ணில் பட்டவை மூன்று இடங்கள். மச்சில் அமைதி உண்டு, ஆனால் ஏணிப்படி செங்குத்தானது. பின்னறைக்கு மேற்கே பெரிய ஜன்னல் இருக்கிறது. மலை தெரியும், சாரல் மாதங்களில் காற்றும் தூறலும் நேராக உள்ளே வரும். தாழ்வாரம் வெளிச்சமானது, ஆனால் வீட்டில் எல்லோரும் நடக்கும் வழி. வடக்கிலிருந்து வெளிச்சம் வரும் இடமே எழுத்து வேலைக்கு நல்லது என்கிறார் மாமனார். அது சாத்திரமா, அனுபவமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அப்பா காலத்துத் தேக்குக் கதவு ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் படுக்கவைத்து மேசையாக்கலாம் என்பதும் அவர் யோசனை. என் உயரம் 155 செ.மீ. கணவரின் உயரம் 175 செ.மீ. மாலையில் அவரும் அதே மேசையில் கடைக் கணக்கு எழுதுவார். செலவுக்கு 40,000 ரூபாய்வரை ஒதுக்க முடியும். எங்கே, எப்படி அமைப்பது என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மார்த்தாண்டம் பழைய தச்சர்:

மகளே, இடத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் தோள்வலிக்கு வருகிறேன். நாற்பது ஆண்டுகள் மேசை நாற்காலி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் சாப்பாட்டு மேசை 30 அங்குல உயரம் இருக்கும். கடைகளில் கிடைக்கும் எழுத்து மேசைகளும் 29, 30 அங்குலத்தில்தான் வருகின்றன, ஏனென்றால் அந்த அளவு நம்மைவிட உயரமான ஆண்களை மனத்தில் வைத்து எப்போதோ முடிவாகிவிட்டது. 155 செ.மீ. உயரமுள்ளவர் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 24 அல்லது 25 அங்குலத்தில் நிற்கும். அந்தக் கை 30 அங்குலப் பலகையில் தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் தோளைத் தூக்கிக்கொண்டேதான் செய்ய வேண்டும். 8 மாதம் தோளைத் தூக்கி வைத்திருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகையால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். பாதம் முழுவதும் தரையில் படவேண்டும், தொடை தரைக்கு இணையாக இருக்கவேண்டும், மேற்கை தொங்கலாக விட்டு முழங்கையை மடக்க வேண்டும். தரையிலிருந்து அந்த முழங்கைவரை எவ்வளவோ அதுதான் உங்கள் விசைப்பலகை நிற்க வேண்டிய உயரம். உங்களுக்கென்று மட்டும் மேசை என்றால் அந்த அளவிலேயே அடித்துத் தந்துவிடலாம். கணவரும் பயன்படுத்துவார் என்பதால் மேசையை அவர் உயரத்துக்கு 28 அங்குலத்தில் வைத்து, உங்களுக்கு நாற்காலியை 3, 4 அங்குலம் உயர்த்திக்கொண்டு, காலடியில் அதே உயரத்துக்கு ஒரு மணைப்பலகை போடுங்கள். மணை இல்லாமல் நாற்காலியை மட்டும் உயர்த்துவது பெருந்தவறு. கால் தொங்கினால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி, தோளில் இருந்த வலியைக் காலுக்கு இறக்கிவிடும். மேசைக்கு அடியில் இழுப்பறை வைக்கச் சொல்லாதீர்கள். அழகாக இருக்கும், தொடைக்கு இடம் இருக்காது.

தேக்குக் கதவைப் பற்றி உங்கள் மாமனாரிடம் பணிவாகச் சொல்லுங்கள். கதவு என்பது சட்டமும் தளமும் சேர்ந்தது, நடுத்தளங்கள் பள்ளமாக இருக்கும், எழுத முடியாது. மேலே கண்ணாடி போடலாம் என்பார்கள். போட்டால் முற்றத்து வானம் முழுவதும் அதில் தெரிந்து கண் கூசும். அந்தக் கதவின் சட்டங்களைப் பிரித்தால் மேசைக்குக் கால்களும் குறுக்குக் கட்டைகளும் கிடைக்கும். மேற்பலகைக்கு அயினி அல்லது பலாமரம் பாருங்கள், எங்கள் பக்கத்தில் இன்னும் கிடைக்கின்றன. மரம் கட்டுப்படியாகாது என்றால் 19 மி.மீ. ஒட்டுப்பலகை, ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர்ச் சாரலில் இரண்டு பருவத்துக்குள் விளிம்பு உப்பி, திருகாணி பிடி விட்டுப்போகும். அகலம் 48 அங்குலம், ஆழம் 27 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் திரை ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

நாற்காலிக்குப் பணம் செலவழியுங்கள், மேசைக்கு மிச்சம் பிடியுங்கள். ரெக்சின் மெத்தை வியர்க்கும். வலைத்துணி முதுகோ, பிரம்பு பின்னிய இருக்கையோ நம் ஈரத்துக்கு ஏற்றவை. உட்கார்ந்தபின் முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், அது இல்லாத நாற்காலி எத்தனை விலையானாலும் உங்களுக்குரியது அல்ல. இடம் என்று கேட்டால் நான் மச்சைத்தான் சொல்வேன், பலகை அடித்த இடத்தில் ஈரம் ஏறாது.

கொழிஞ்சாம்பாறை வயர்மேன்:

தங்கச்சி, பாலக்காட்டு எல்லையிலிருந்து எழுதுகிறேன். பெரியவர் மரத்தைச் சொல்லிவிட்டார், நான் மின்சாரத்தைச் சொல்கிறேன்.

பழைய ஓட்டு வீடு என்றதுமே எனக்கு வரும் முதல் கவலை எர்த் கம்பி. மூன்று முள் பிளக்கில் மடிக்கணினியைப் போட்டு, அதன் உலோக உடம்பில் விரலை இழுத்தால் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எர்த் இல்லை அல்லது செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கரியும் உப்பும் போட்டுத் தோண்டிய பழைய எர்த் குழி இருந்தால் கோடையில் அது காய்ந்துபோகும், பங்குனி சித்திரையில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேசை இருக்கும் இடத்துக்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்றையும் போட்டுவிடுங்கள். மரச்சட்டமும் ஈரச்சுவரும் உள்ள வீட்டில் இதற்குப் பிறகுதான் நாற்காலி, விளக்கு எல்லாம்.

மின்தடைக்குக் கணக்கு எளிது. மடிக்கணினி 60 வாட், இணையப் பெட்டி 12 வாட், எல்.இ.டி. விளக்கு 10 வாட், குறைந்த மின்சாரம் இழுக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட், ஆக 112 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட் மணி உண்டு. இன்வெர்ட்டரில் வீணாவதையும், பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்து 1,080 என்று வைத்தால் 9 மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதே இடத்தில் பழைய விசிறி 75 வாட் இழுத்தால் 7 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிடும். புதுப் பேட்டரிக்கு முன்னால் விசிறியை மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புற ஸ்விட்ச் யு.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் அந்தக் கண்சிமிட்டலுக்குள் இணையப் பெட்டி அணைந்து மறுபடி எழும், கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவர் காணாமல்போவார்.

கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் நம் மலையடிவாரத்தில் மின்னல் அதிகம். கண்ணாடி இழை இணைப்பு என்பதால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். இழையில் மின்சாரம் வராது என்பது உண்மை. ஆனால் அந்தக் கேபிளைத் தாங்கும் கம்பி இரும்பாக இருக்கலாம், பெட்டியின் அடாப்டர் சுவர் மின்சாரத்தில்தான் இருக்கிறது. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியை அதன் பேட்டரியில் ஓட்டுவதே நம்பகமானது. மின்னழுத்தத் தாக்குதலைத் தடுக்கும் பலகைகளும் எர்த் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும்.

புளியரை:

சுருக்கமாக ஒன்று. பின்னறைத் தகரக் கூரையை மறந்துவிடுங்கள். என் வீட்டில் அப்படி ஒரு அறையில்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆனி மாதச் சாரலே தகரத்தில் விழும்போது எதிர்முனையில் இருந்தவர்கள், அங்கே ஏதோ பொரிகிறது என்றார்கள். பெருமழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடு எவ்வளவோ மேல். வாய்க்கு அருகில் ஒலிவாங்கி வரும் காதணிபேசி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கும் அதுதான் மருந்து.

செங்கோட்டை மருமகள்:

மூவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி அளந்து பார்த்தேன், முழங்கை உயரம் சரியாக 24½ அங்குலம், சாப்பாட்டு மேசை 30. ஐந்தரை அங்குலம் தோளைத் தூக்கியே 8 மாதம் ஓட்டியிருக்கிறேன். மடிக்கணினியில் விரலை இழுத்துப் பார்த்தேன் அண்ணா, எறும்பு ஊர்ந்தது. ஞாயிறன்று ஆள் வருகிறார். பின்னறையைக் கைவிட்டாயிற்று. மச்சா, தாழ்வாரமா என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை. மாமனாரின் வடக்கு வெளிச்சத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கூடலூர் வரைபடக்காரி:

தங்கை, தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து எழுதுகிறேன், குமுளி மலைக்குக் கீழே. வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். உங்கள் மாமனார் சொல்வது அனுபவம்தான், ஆனால் நம் ஊர் அட்சரேகையில் அதற்கு ஒரு திருத்தம் உண்டு.

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, நாள் முழுதும் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும் என்பது வடநாட்டுக்கும் அதற்கு அப்பால் உள்ள நாடுகளுக்கும் பொருந்தும். செங்கோட்டை ஏறக்குறைய 9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே சித்திரை பிறப்பதிலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை, ஆண்டில் நாலரை மாதம், உங்கள் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து சுமார் 14½ பாகை வடக்கே சாய்ந்திருக்கும். முற்றத்துக்குத் தெற்கே உள்ள தாழ்வாரத்தில் இறவாணம், அதாவது கூரையின் கீழ்விளிம்பு, 8 அடி உயரத்தில் இருந்தால், அன்றைய நண்பகல் வெயில் அதன் விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே வந்து விழும். முற்பகலிலும் பிற்பகலிலும் இன்னும் சற்று உள்ளே சாய்ந்து மூலையைத் தொடும். மேசையை இறவாண விளிம்பிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி, தேவைப்படும் நேரத்தில் இறக்கிவிட மூங்கில் தட்டி ஒன்று கட்டிவிட்டால் இந்தத் திருத்தம் தீர்ந்தது. மீதி மாதங்களில் மாமனார் சொன்னபடியே நடக்கும்.

மச்சு வேண்டாம் என்பதற்கு என் காரணம் ஈரம் அல்ல, பெரியவர் மன்னிக்க வேண்டும். ஓட்டுக்கு நேர் கீழே உள்ள இடத்தில் பங்குனி வெயில் பிற்பகல் 2 மணிக்கு மேல் தங்கிவிடும், விசிறி அந்தச் சூட்டையே திருப்பி வீசும். வெளிச்சத்துக்கு அங்கே கண்ணாடி ஓடுதான் பதிக்க வேண்டும், அது திரைக்கு நேர் மேலே வந்தால் எழுத்தே தெரியாது. தவிர, ஒரு நாளில் எட்டுப் பத்து முறை அந்தச் செங்குத்துப் படியில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். படிக்குப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

தாழ்வாரத்தில் கிழக்கு முகமாக உட்காருங்கள். முற்றம் இடக்கைப் பக்கம் வரும். வலக்கையால் எழுதுகிறவருக்குக் கைநிழல் தாளில் விழாது, திரையிலும் வானம் தெரியாது. வெளிச்சம் திரைக்குப் பின்னால் இருந்தாலும் உங்களுக்குப் பின்னால் இருந்தாலும் கண்தான் விலை கொடுக்கும். கிழக்கு முகம் என்பதால் மாமனாருக்கும் மறுப்பு இராது. மாலையில் மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ்வரை ஒளி இருக்க வேண்டும். தாழ்வாரத்து ஒற்றை விளக்கு அதற்குப் பற்றாது, தாளின் மேல் இறங்கும் மேசை விளக்கு ஒன்று இடப்பக்கம் தேவை. மடிக்கணினியை அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி நாலைந்து புத்தகங்களின் மேல் ஏற்றிவைத்து, விசைப்பலகையைத் தனியாக வாங்குங்கள். திரையும் விசையும் ஒட்டிப் பிறந்த பொருள் அது, கழுத்துக்கு வைத்தால் கைக்கு ஆகாது, கைக்கு வைத்தால் கழுத்துக்கு ஆகாது. வெள்ளெழுத்துக்கு இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் திரையைச் சற்றுத் தாழ்த்தியே வைக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் அந்த வயது வந்திருக்காது.

தாழ்வாரத்தின் குறைகளையும் மறைக்கப்போவதில்லை. சாரலில் முற்றத்திலிருந்து பொடித்தூறல் மிதந்து வரும். முற்றத்தின் மேல் ஒளி ஊடுருவும் தகடு போட்டு மூடச் சொல்வார்கள். மூடினால் வீட்டின் மூக்கை அடைத்ததுபோல் ஆகும், புளியரைக்காரர் சொன்ன சத்தமும் வந்து சேரும். மூங்கில் தட்டியோடு ஒரு தடித்த துணித்திரையை ஆடி முடியும்வரை மட்டும் கட்டுங்கள். மேசையைப் பொதுச்சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் விலக்கிப் போடுங்கள், பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறும். அந்தச் சுவருக்குப் பளபளக்கும் எண்ணெய்ச் சாயம் பூசிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் காரையைப் பெயர்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பே போதும், வெளிச்சத்தையும் அதுதான் நன்றாகத் திருப்பும்.

நடைவழி என்ற சிக்கலுக்கு, முதுகுக்குப் பின்னால் ஐந்தரை அடி உயரத்தில் மடக்குத் தட்டி ஒன்று நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் கூட்டங்களில் அடுக்களைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தோன்றுவார்கள்.

மார்த்தாண்டம் பழைய தச்சர்:

மச்சின் சூட்டைப் பற்றி அம்மா சொன்னது சரி. நான் நெல் காக்கும் புத்தியில் சொல்லிவிட்டேன், நெல்லுக்கு நல்ல இடம் மனிதருக்கு ஆகாது. தாழ்வாரமே இருக்கட்டும்.

செங்கோட்டை மருமகள்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். தாழ்வாரத்தில், விளிம்பிலிருந்து 3 அடி உள்ளே, கிழக்கு முகமாக மேசை போட்டாயிற்று. பலாமரப் பலகை, கதவுச் சட்டத்தில் கால்கள், 28 அங்குல உயரம். கதவைப் பிரிக்க மாமனார் சம்மதிக்க 12 நாள் ஆனது. இப்போது தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காலில் உள்ள பித்தளைக் குமிழைக் காட்டுகிறார். புது எர்த் குழி, தனி வயர், பாதுகாப்பு ஸ்விட்ச் எல்லாம் முடிந்தன. மிச்சப் பணத்தில் வலைத்துணி முதுகுள்ள நாற்காலியும் விசிறியும் வாங்கினோம். தோள்வலி முக்கால் பங்கு போய்விட்டது.

நடைவழிச் சிக்கல்தான் பாதி தீர்ந்திருக்கிறது. தட்டி இருப்பதால் யாரும் திரையில் தெரிவதில்லை, ஆனால் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, காய்க்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லும் வழக்கம் நிற்கவில்லை. கூட்டம் நடக்கும்போது தட்டியின் மேல் சிவப்புத் துண்டு போடுவது என்று ஏற்பாடு செய்தோம். மாமியார் முதல் நாளே அதைத் துவைக்க எடுத்துப்போய்விட்டார்.

பெரியவரிடம் ஒரு சந்தேகம். மணைப்பலகை 3½ அங்குல உயரத்தில் சமமாக இருக்கிறது. பிற்பகலில் கணுக்கால் இறுகுகிறது. உயரம் தவறா?

மார்த்தாண்டம் பழைய தச்சர்:

உயரம் சரிதான் மகளே, சாய்வுதான் இல்லை. மணையின் முன்பக்கம், அதாவது உங்கள் விரல்நுனி படும் பக்கம், ஓர் அங்குலம் உயரும்படி அடியில் ஆப்பு வைத்துப் பாருங்கள். அகலமும் 16 அங்குலம் இருக்கட்டும், பாதங்களை நகர்த்தி வைக்க இடம் வேண்டும். ஆணி அடிக்க வேண்டாம், சரியான சாய்வு தெரிய நாலு நாள் ஆகும். கதவுச் சட்டத்தில் துண்டு மிஞ்சியிருக்கும், ஆப்பு அதிலேயே சீவிக்கொள்ளலாம்.